ஈரப் பொதி

பெரியாஸ்பத்திரியின்ரை பின்பக்கம்,
மருந்துக் குப்பை ஏத்திற லொறி திரும்பிற இடத்திலை
எங்கடை அறை.
ஒரு யன்னலாலை அழுக்கு வரும்,
மற்ற யன்னலாலை துப்புரவு போகும்.
இடையிலை நான், அருளானந்தம்,
இரண்டு ஓட்டோகிளேவ்.
ஒண்டு திருத்த ஆள் வருமட்டும் சும்மா நிக்குது.

யாழ்ப்பாணத்துத் தண்ணி தெரியுந்தானே,
கேத்திலுக்குள்ளை பொருக்குக் கட்டுமே,
அதே பொருக்கு எங்கடை குழாய்களுக்குள்ளையும்.
அருளானந்தம் மாசத்திலை ஒருக்காச் சுரண்டி
வெள்ளை வெள்ளையாய்க் கடதாசியிலை கொட்டிக் காட்டுவார்:
"நாங்கள் குடிச்சது எங்களுக்குள்ளை
எவ்வளவு கட்டியிருக்கும் பிள்ளை?"

வருத்தக்காரரை நான் கண்டதில்லை.
கத்தரிக்கோலின்ரை மூட்டுக்குள்ளை
காய்ஞ்சு கிடக்கிறதைத்தான் கண்டிருக்கிறன்.
விரிச்சு, பிரஷ் போட்டு, வெளிச்சத்துக்குப் பிடிச்சு,
ஆற்றரி பன்னிரண்டு, ஊசிபிடி இரண்டு,
எண்ணி, பிறகும் எண்ணி,
பச்சைத் துணியிலை நாலு மூலையும் மடிச்சு
ரேப் ஒட்டி, திகதி போட்டு,
என்ரை பேரின்ரை இரண்டெழுத்து.
வெட்டுறதுக்கு முதல் கிழிச்செறியிற எழுத்து.

குருநகரிலை ஒரு கலியாணவீடு.
மச்சாள் ஆருக்கோ என்னைக் காட்டிச் சொன்னா,
"இவ ஆஸ்பத்திரியிலை ஏனம் கழுவிறவ."
வாய்க்குள்ளை றோல்ஸ்.
தலையை ஆட்டினன்.
பொய்யில்லைத்தானே.

அண்டைக்கு ஐப்பசி மழை.
கரண்ட் போய், ஜெனரேற்றர் இருமி, திரும்ப வந்து,
விடியப்புறம் இரண்டு இருபதுக்குக் கதவைத் திறந்தன்.
சிசேரியன் செற், நாலாம் இலக்கம்.
ரேப்பிலை கோடு கறுத்திருந்தது.
மற்ற இடத்திலை கறுத்தால் பழுது,
இஞ்சை கறுத்தால் சரி.
நூற்றிமுப்பத்திநாலு எண்டு துண்டும் சொல்லுது.
ஆறவிட்டுத் தூக்கினன்.
அடித்துணியிலை
ஒரு இரண்டுரூவாக் குத்தியளவு
ஈரம்.

ரெலிபோன்.
சிஸ்டர் கோசலாதேவி, தியேட்டரிலையிருந்து:
"நாலாம் செற்றை அனுப்பும்."
"ஏலாது மிஸ். ஈரமாயிருக்கு."
"கோடு கறுத்ததோ?"
"கறுத்தது."
"பேந்தென்ன?
பிள்ளையின்ரை துடிப்பு இறங்குது, தாய் மேசையிலை,
உமக்கு நெஞ்சிலை ஈரமில்லையோ?"

ஈரம்.
துணியிலை அது இருந்தால்
அதைப் பிடிச்சுக்கொண்டு ஏறி வரும்,
கண்ணுக்குத் தெரியாததுகள்,
ஒரு கிழமை கழிச்சுத் தையலிலை சீழாய்த் தெரியும்.
இதை ரெலிபோனிலை சொல்ல நேரமில்லை.
"லப்பரொட்டமி செற் ஒண்டு காய்ஞ்சது இருக்கு மிஸ்.
அதிலை தேவையானதை எடுங்கோ.
நான் கொண்டோடி வாறன்."

படியிலை ஓடினன்.
கதவிடுக்காலை ஒரு கையுறை வாங்கிச்சுது.
முகம் காணேல்லை.
என்ரை செருப்புச் சத்தத்தோடை தனியத் திரும்பினன்.

நாலரைக்கு அழுக்கு யன்னல் தட்டுப்பட்டுது.
பாவிச்சது பதினாலு,
திறந்ததாலை கழுவவேண்டியது நாற்பத்தியாறு.
அருளானந்தம் பெருமூச்சு விட்டார்.
நான் முதல் தேடினது கொடி வெட்டிற கத்தரிக்கோலை.
இரத்தம் இருந்தது.
வெட்டியிருக்கினம்.
அதுக்குமேலை கத்தரிக்கோலுக்கு ஒண்டும் தெரியாது.
சிஸ்டரும் பிறகு எடுக்கேல்லை.
நானும் எடுத்துக் கேக்கேல்லை,
சிங்கிலை தண்ணி திறந்துவிட்டிருந்தன்.

நாலாம் செற்றைக் கடைசியாய் அவிட்டன்.
துணியை முறுக்க
ஒரேயொரு சொட்டு விழுந்தது மேசையிலை.
ஷிப்ட் மாறேக்கை பாத்தன்,
காய்ஞ்சு போச்சு,
உருக்கிலை வெள்ளையாய் ஒரு புள்ளி.
நகத்தாலை சுரண்டினன்.
போகேல்லை.